காசிநாதன் திருடவில்லை

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நிரஞ்சனா கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அங்கே இருபத்திரண்டு வருடமாகப் புடவை டிசைன் வரைபவர் காசிநாதன். அவர் வரைந்த அன்னப்பட்சி முந்தானை, சங்கம் விற்பனைக்கு விடுவதற்கு முன்பே எங்கோ ஓர் ஊரில் விசைத்தறிப் புடவையாக வந்துவிட்டது.

"வரைஞ்சது நீ ஒருத்தன்தான். வேற யாரு வெளிய குடுத்திருப்பாங்க?" என்றார் தலைவர் கலியாணசுந்தரம்.

காசிநாதனை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நிரஞ்சனாவுக்கு மனம் ஆறவில்லை. வரைந்த படங்களைச் சங்கத்தின் சர்வரில் ஏற்றுபவள் அவள்தான். அந்த முந்தானைப் படத்தின் இணைய முகவரியைத் திறந்து, கடைசியில் இருந்த படத்தின் பெயரை மட்டும் அழித்துப் பார்த்தாள். பாஸ்வேர்டே கேட்கவில்லை. வெளிவராத டிசைன்கள் அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. சர்வரை நிர்வகிக்கும் பக்கம்கூட, நிறுவியபோது இருந்த 'அட்மின்' என்ற பாஸ்வேர்டுக்கே திறந்தது. உள்ளே யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவு இருந்தது. படம் ஏறிய மூன்றாம் நாளே வெளியூர் இணைப்பிலிருந்து யாரோ ஒருவர் அதை இறக்கியிருந்தார்.

நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு, சர்வர் அமைத்துக் கொடுத்த கம்பெனிக்காரரும் வந்திருந்தார்.

"எங்க சர்வர் பக்கா சேஃப்மா," என்றார்.

நிரஞ்சனா தலைவரிடம் திரும்பினாள். "உங்க போனைக் கொஞ்சம் குடுங்க சார்."

முகவரியைத் தட்டித் திருப்பிக் கொடுத்தாள். தலைவர் விரலால் தள்ளத் தள்ள டிசைன்கள் வந்துகொண்டே இருந்தன.

"இப்படித்தான் ஊர்ல இருக்கறவங்க எல்லாம் பாத்துக்கினு இருந்திருக்காங்க சார். மூணாம் நாளே வெளியூர்லருந்து யாரோ எறக்கினது பதிவுலயே இருக்கு. காசிநாதன் சார் எதையும் எடுக்கல. தொறந்து போட்டது நாமதான்."

கம்பெனிக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவளே சரிசெய்தாள். படங்களின் பட்டியல் வெளியே தெரியாமல் நிறுத்தினாள். பாஸ்வேர்டை மாற்றினாள். நிர்வாகப் பக்கம் சங்கத்து அலுவலகத்தில் மட்டுமே திறக்கும்படி செய்தாள்.

அன்றைக்கே தலைவர் காசிநாதன் வீட்டுக்குப் போய் அழைத்து வந்தார். நெசவாளர்கள் எல்லோர் முன்பும், "தப்பு எம்மேலதான்பா," என்றார்.

காசிநாதன் நிரஞ்சனாவின் மேசைக்கு வந்தார். "நீ சொல்ற கம்ப்யூட்டர் சமாச்சாரம் எனக்குப் புரியலமா. ஆனா இன்னைக்குத் தெருவுல தலைநிமிந்து நடந்து வந்தேன்."

அவள் எழுந்து நின்று கும்பிட்டாள்.

அடுத்த வாரம் சின்ன காஞ்சிபுரத்துச் சங்கத்திலிருந்து, தங்கள் சர்வரையும் பார்த்துத் தரும்படி கூப்பிட்டார்கள். போனாள். அங்கிருந்த மேலாளர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சர்வர் பாக்கற இன்ஜினியர் எங்கமா?"

"நான்தான் சார்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் நிரஞ்சனா.