ஒன்றரை மில்லி

வக்கீல் கௌரிசங்கருக்குக் கோர்ட்டில் எத்தனை வழக்கு இருந்தாலும், தீராத வழக்கு வீட்டில்தான் இருந்தது. போன ஆனியில், கல்யாண நாளன்று, தன் ஐம்பது வருடப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் மனைவி யோகலட்சுமியைப் பண்பொழி திருமலைக்கோயிலுக்குக் கூட்டிப் போனார். பாதி மலையில் வண்டி நின்றுவிட்டது. பட்டுச்சேலையோடு இறங்கித் தள்ளியவள், "இனி இந்த வண்டில நான் ஏறுனா என்னன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பக்கத்து சீட் காலி. அந்த சீட்டுக்காகத்தான் மனிதர் இவ்வளவு பாடும் பட்டார்.

அடுத்த ஆனிக்குள் இன்ஜினின் கம்ப்ரஷனைக் கூட்டிவிடுவதென்று முடிவெடுத்தார். சிலிண்டருக்கு மேல் மூடியிருக்கும் ஹெட்டின் அடிப்பாகத்தைக் கொஞ்சம் சீவினால் உள்ளே இடம் குறையும், பெட்ரோலும் காற்றும் இன்னும் நெருக்கிப் பிடித்து வெடிக்கும், இழுவை கூடும். தென்காசியில் லேத் பட்டறை வைத்திருக்கும் முகம்மது ரபீக் ஹெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வக்கீல் சார், மொதல்ல அளந்துக்கிடுவோம்."

"வண்டியோட புஸ்தகத்துல அளவு அச்சடிச்சிருக்கான் பாய். ஆவணம் இருக்கும்போது சாட்சி எதுக்கு? ஒன்றரை மில்லி சீவுங்க."

சீவியாயிற்று. இந்த வண்டியை முன்னால் வைத்திருந்தவர் ஏற்கெனவே ஒரு தடவை ஹெட்டைச் சீவியிருந்த சங்கதி, வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கழற்றி அளந்தபோதுதான் தெரிந்தது. இழுவை என்னவோ பிரமாதம். ஆனால் வெயிலில் அழுத்தி மிதித்தால், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம்.

"நாக்கிங் சார். நெருக்கம் கூடிப்போச்சு, சூட்டுல பெட்ரோல் முந்திக்கிட்டு வெடிக்கு. ரொம்ப மிதிச்சா பிஸ்டன் போயிரும். ஹெட்டுக்கு அடியில தடிச்ச கேஸ்கெட் வச்சு இடத்தக் கூட்டலாம், அது வர ஒரு மாசம் ஆவும்" என்றார் ரபீக், சிரிப்பை அடக்கிக்கொண்டு. கல்யாண நாளோ மறுநாள்.

எத்தனையோ கெஞ்சலுக்குப் பிறகு யோகலட்சுமி இறங்கி வந்தாள். "ஒரே ஒரு தடவ. இன்னைக்கும் நின்னுச்சுன்னா வண்டிய வித்துரணும்." பழைய நூல்சேலையும் கேன்வாஸ் ஷூவுமாக வந்து ஏறினாள். ஷூ எதற்கென்று கௌரிசங்கர் கேட்கவில்லை. தள்ளுவதற்குத்தான்.

தென்காசியில் சுள்ளென்று வெயில். வண்டி டகடகத்தது.

"உள்ள யாரு தட்டுதாங்க?"

"புது இன்ஜின்னா அப்படித்தான்" என்று கூசாமல் புளுகினார்.

குற்றாலம் தாண்டும்போது சாரல் பிடித்தது. செங்கோட்டையிலும் விடவில்லை. மேலே மூடுகிற துணி எப்போதோ கிழிந்துபோனதால் இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். மலைப்பாதையில், போன வருடம் நின்ற அதே வளைவு வந்தது. யோகலட்சுமி குனிந்து ஷூ லேஸை இறுக்கினாள். கௌரிசங்கர் முருகனை நினைத்துக்கொண்டு மிதித்தார். சத்தமே இல்லை. ஈரக்காற்றைக் குடித்துக் குளிர்ந்த இன்ஜின் ஒரே இழுப்பில் வளைவைத் தாண்டியது.

"ஏறுதுங்க! ஏறுது!" என்று அவள் கைதட்டிச் சிரித்தாள். அவர் சந்தோஷத்தில் ஹாரனை அடித்துக்கொண்டே ஏறினார்.

கோயில் வாசலில் இறங்கியதும், "அடுத்த வருசம் பட்டு கெட்டிட்டு வாரேன்" என்றாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். வக்கீலாக இருந்தும் அன்றைக்கு உண்மையை மறைக்க அவரால் முடியவில்லை. "யோகா, நான் அளக்காம சீவச் சொல்லிட்டேன். இப்போதைக்கு இது சாரல்ல மட்டும்தான் ஏறும்."

அவள் அவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். சேலைத் தலைப்பைப் பிழிந்தாள்.

"அப்போ பட்டு வேண்டாம். சாரல் விழுந்தா கூப்பிடுங்க, இந்தச் சேலையிலயே வாரேன்" என்றவள், ஷூவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "இதத்தான் இனிமே கொண்டாரப்போறதில்ல."