கண்மணிக்குள் ஒரு குடை

"இந்தப் பழைய சாஃப்ட்வேரைக் கட்டிக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்குப்பா மாரடிக்கிறது?" என்று மகள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். எங்கள் போட்டோ ஸ்டுடியோவில் எடிட்டிங் அவள் பொறுப்பு. எனக்கோ புதுசு என்றாலே எரிச்சல். நல்லா ஓடுற வண்டிக்கு எதுக்குப் புது எஞ்சின்?

முன்பெல்லாம் நான் மணப்பெண்ணைப் படமெடுக்கும்போது என் மனைவிதான் வெளிச்சத்தைப் பரப்பும் லைட் குடையைப் பிடிப்பாள். கை கடுத்தால் கம்பை இடுப்பில் ஊன்றி, தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொள்வாள். அந்தப் படங்களைப் பெரிதாக்கினால், ஒவ்வொரு பெண்ணின் கண்மணிக்குள்ளும் வெள்ளைக் குடையோடு அவள் நிழல் போல நிற்பாள். அவள் கண்ணை மூடியதிலிருந்து குடையை இரும்பு ஸ்டாண்டுதான் தாங்குகிறது.

நேற்று மகள் புது வெர்ஷனை ட்ரையலுக்கு இறக்கி, போன வாரம் எடுத்த மணப்பெண் படத்தைத் திறந்தாள். "மங்கலா இருக்கிறதை அதுவே தெளிவாக்கும், பாருங்க" என்று கண்ணைப் பெரிதாக்கினாள்.

குடை தெளிந்தது. அதன் அடியில் ஸ்டாண்டைக் காணோம். கம்பை இடுப்பில் ஊன்றி, தலையை ஒருபக்கம் சாய்த்து ஒருத்தி நின்றிருந்தாள்.

அதே படத்தைப் பழைய சாஃப்ட்வேரில் திறந்து பார்த்தோம். வெறும் ஸ்டாண்டுதான்.

மகள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். "இல்லாததை அதுவா இட்டுக்கட்டுதுப்பா. வேணாம். நமக்குப் பழசே போதும்."

நான் மவுஸை வாங்கி, 'வாங்கு' என்ற பட்டனை அழுத்தினேன்.

"அடுத்த படத்தைத் திற" என்றேன்.