பிடுங்கிய பிளக்

என் தம்பி மனைவிக்கு வீட்டில் நாங்கள் வைத்த பட்டப்பெயர் கறார். வாடிக்கையாளர் சட்டைப் பையில் மறந்துவிட்ட பஸ் டிக்கெட்டைக்கூடப் பத்திரப்படுத்தித் திருப்பித் தருகிற ரகம். நானும் அவளும் சேர்ந்து ஒரு சலவைக் கடை நடத்துகிறோம். அவள் முன் மேசையில் இஸ்திரி போடுவாள், நான் உள்ளே மடித்துக் கட்டுவேன், வேலை அதிகமானால் நானும் தேய்ப்பேன். தம்பி பிழைப்புக்காக வெளியூரில் கிடக்கிறான். அவர்கள் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளைக் குளிப்பாட்டிச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவதெல்லாம் கறார்தான்.

அன்று காலை கடைக்கு எதிரே பார்சல் கொண்டு வருகிற ஒருவனின் வண்டி ஒரு காரை உரசிவிட்டது. காரிலிருந்து இறங்கியவன் பீரோ மாதிரி இருந்தான். பேச்சு வார்த்தை ஒன்றுமில்லை. பார்சல்காரனைச் சுவரோடு சாய்த்துக் கழுத்தைப் பிடித்துவிட்டான். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. நமக்கெதுக்கு வம்பு என்று நானும் உள்ளேதான் இருந்தேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. அப்புறம் போலீஸ், கோர்ட் என்று எவள் அலைவது? தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்.

கறார் என்ன செய்தாள்? இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். ஒயரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். கொதிக்கிற பெட்டியோடு தெருவில் இறங்கிப் போய், கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த கையின் மேல் அதை வைத்தாள். அவன் அலறிக்கொண்டு பிடியை விட்டான். பார்சல்காரன் சரிந்து விழுந்தான். அவனைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து, பிளக்கைச் சொருகி, பாதியில் விட்ட சட்டைக் காலரைத் தேய்த்து முடித்தாள். அடிப்பாவி என்பது மட்டும்தான் என் வாயில் வந்தது.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அப்புறம்தான் ஆரம்பித்தது. பார்சல்காரன் கார்க்காரன் மேல் புகார் கொடுத்தான். கை வெந்துபோன கார்க்காரன் கறார் மேல் கொடுத்தான். இரண்டும் ஒரே நீதிபதி முன்னால் வந்தன. நின்று பார்த்த தெருவில் ஒருவரும் எதையும் பார்க்கவில்லையாம், எல்லாருக்கும் அந்த நேரம் பார்த்துப் போன் வந்துவிட்டதாம். எதிர்க்கடைக் கேமராவில் எங்கள் கடை வாசல் விழுந்திருந்தது. சுவரோரம் நடந்ததை ஒரு வேன் மறைத்துவிட்டது. ஆக, படத்தில் இருந்தது இவ்வளவுதான்: ஒருத்தி நிதானமாகப் பிளக்கைப் பிடுங்குகிறாள், ஒயரைச் சுற்றுகிறாள், பெட்டியோடு வெளியே போகிறாள். கார்க்காரன் சொன்னது, தோளில் கை வைத்து நியாயம் கேட்டேன், பைத்தியக்காரி வந்து சுட்டுவிட்டாள் என்று.

எங்கள் வக்கீலம்மா கெட்டிக்காரர். கடைக்கே வந்து நாங்கள் வேலை செய்வதைப் பார்த்தார். மேசையை விட்டு நகர்ந்தால் பிளக்கைப் பிடுங்குவது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. சூடான பெட்டியை ஊரார் துணி மேல் விட்டுவிட்டும் போக மாட்டோம். இதைப் பிடித்துக்கொண்டார். பதட்டத்தில் கை தானாகச் செய்துவிட்டது, என்ன நடந்தது என்றே எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், வீட்டுக்குப் போகலாம் என்றார். கறார் தேய்த்து முடித்த சட்டையை என் பக்கம் நீட்டிவிட்டு அடுத்ததை எடுத்தாள். நான் முதலில் சாட்சி சொன்னேன். குழந்தை மாடிப்படியில் உருண்டபோதுகூடப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஓடினேன் என்றேன். அது பொய்யில்லை. நீதிபதி தலையாட்டினார். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அடுத்து கறார் கூண்டில் ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் அவளை ஒரு அதட்டல் அதட்டவில்லை, சர்க்கரையாகப் பேசினார். பாவம், பதட்டத்தில் உங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை, அப்படித்தானே என்றார். தன் கையில் என்ன இருந்தது என்றே தெரியாதவருக்கு என் கட்சிக்காரர் கை எங்கே இருந்தது என்று மட்டும் எப்படித் தெரியும், தோளில்கூட இருந்திருக்கலாம் இல்லையா என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஆமாம் என்றால் வீட்டுக்கு வரலாம். கூடவே கார்க்காரனும் அவன் வீட்டுக்குப் போவான். பின் பெஞ்சில் பார்சல்காரன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இன்னும் குரல் சரியாக வரவில்லை, அவளை விட்டால் வேறு சாட்சியும் இல்லை. இருக்கட்டுமே, அவன் நமக்கு மாமனா மச்சானா? தலையை ஆட்டித் தொலையடி என்று மனசுக்குள் கத்தினேன்.

"எனக்கு எல்லாம் தெரியும்ங்க," என்றாள் கறார். "அவரு ரெண்டு கையும் கழுத்துலதான் இருந்துச்சு. அந்தத் தம்பிக்குக் கண்ணு மேல சொருகிருச்சு."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அப்படியென்றால் பிளக்கைப் பிடுங்கியதும் தெரிந்துதானா என்று கேட்டார்.

"தெரிஞ்சுதான். ஒயர் அவ்வளவு தூரம் எட்டாது. வெறுங்கையோட போயி அந்த ஆளை நான் என்ன பண்ண முடியும்?"

வக்கீலம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

கார்க்காரனுக்கு இரண்டு வருடம் கிடைத்தது. அவள் சொன்னதை நம்பித்தான் கொடுத்தார்கள். அவள் சொன்னதை நம்பியே அவளுக்கும் ஆறு மாதம் கொடுத்தார்கள். காப்பாற்றப் போனதில் தப்பில்லை, கொதிக்கிற பெட்டியைத் தெரிந்தே எடுத்துப் போய்ச் சுட்டதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிபதி படித்தார். படித்து முடிக்கும்வரை அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

போலீஸ்காரம்மா கூட்டிக்கொண்டு போகும்போது கறார் என்னிடம் திரும்பினாள்.

"பாப்பாவுக்குச் சடைய இறுக்கிப் போட்டுடாதீங்க அண்ணி. அவளுக்கு வலிச்சாலும் சொல்ல மாட்டா."

வராந்தாவில் பார்சல்காரன் என் முன்னால் வந்து நின்று என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டேன். அவன் மேல் கோபம், நீதிபதி மேல் கோபம், எல்லாரையும்விட அவள் மேல் கோபம். அன்று ராத்திரி குழந்தை தூங்கின பிறகு அழுதேன்.

இப்போது காலையில் சடை பின்னுவது நான்தான். அம்மா தப்பு பண்ணாங்களா அத்தை என்று குழந்தை கேட்கிறது. போயிருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நாளைக்கே தெருவில் எவனாவது என் கழுத்தில் கை வைத்தால், எதிர்க்கடையில் என்னை மாதிரி ஒருத்தி இருந்துவிடக் கூடாது.