கன்னிமூலைச் சுவர்

கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கொத்தனார் வேணு வந்து நின்றபோது, எந்தச் சுவரை இடிப்பது என்று இன்னும் முடிவாகியிருக்கவில்லை. முன்னறையில் அலர்மேல்மங்கை கிடந்தாள். ஆறேழு மாதமாக அவள் மூச்சுக்கு இழுத்த இழுப்பு தெருவுக்கே தெரியும். இப்போதுதான் சத்தமில்லாமல் இருந்தாள்.

விடியற்காலையில் உயிர் போன நேரம் பார்த்து அவிட்ட நட்சத்திரம். அடைப்பு என்பார்கள். அந்த நேரத்தில் செத்தவர்களை வாசல் வழியாக எடுத்தால், அதே வழியில் திரும்பி வந்து வீட்டில் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். புரோகிதம் பார்க்கும் பந்துலு போனிலேயே சொல்லிவிட்டார்: "வெனக கோட கொட்டண்டி." பின்சுவரை இடித்து, அந்த வழியாகப் பிணத்தை எடுத்து, எடுத்த கையோடு அடைத்துவிட வேண்டும்.

"பின்சுவருன்னா சமையல் ரூம்பு ஆச்சே" என்றார் வேங்கடாசலம். காலையிலிருந்து மனைவியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அது கன்னிமூலை. அங்க கைய வைக்காதே. இப்டி சந்துப் பக்கமா இடிச்சுடு வேணு."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்த மருமகள் அக்ஷயா சட்டென்று அவரைப் பார்த்தாள். அந்தச் சமையலறைச் சுவருக்காக அவள் பேசாத பேச்சில்லை. திருப்பதியில் மலையடிவாரத்துக் காலனி வீடு. முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலறை. சமையலறையில் பூனை நுழையக்கூட ஓட்டை கிடையாது. அங்கேதான் அத்தை அலர்மேல்மங்கை, பஸ் ஸ்டாண்டில் விற்கிற இட்லிக்கும் வடைக்கும் விடியுமுன்னே அடுப்பு மூட்டுவாள். கேஸ் இருந்தது, காப்பி போட. வியாபாரத்துக்கு எரித்தால் சிலிண்டர் பத்து நாள் தாங்குமா? இடித்துப் போட்ட கடைகளின் பிளைவுட், பெயிண்ட் அடித்த கதவுச் சட்டம், அட்டைப் பெட்டி, எது மலிவோ அது எரிந்தது. புகை போக வழியில்லாமல் கூரைக்கும் தரைக்கும் நடுவே நின்றுகொண்டு, அப்புறம் சாவகாசமாக முன்னறைக்கு வந்து படுக்கையில் உட்காரும்.

ஆஸ்பத்திரியில் அத்தையின் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்த டாக்டர், "இந்தம்மா எத்தன வருஷமா பீடி பிடிக்கிறாங்க?" என்று கேட்டார். மகன் தீனா சிரித்தே விட்டான். அக்ஷயாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஜன்னல் வையுங்கள் என்று காலனிக்கு வரும் சுகாதாரப் பெண்மணியும் சொல்லிப் பார்த்தாள். வேங்கடாசலம் மசியவில்லை. வீடு கட்டும்போது வாஸ்து பார்த்தவன் எவனோ, கன்னிமூலையில் ஓட்டை விழுந்தால் வீட்டுப் பொம்பளைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். பாவி, அவன் போய்விட்டான். அவன் சொன்னது மட்டும் போகவில்லை. அக்ஷயா கொதித்தபோதெல்லாம் அத்தைதான் அடக்குவாள். "வுடுடீ. எனுக்கு இன்னாவாவது ஆயிடுமோன்னு அந்த மனுஷனுக்குப் பயம். அதுக்குப் போயி நான் சண்ட போடவா? நீ கொழந்தைய வெளிய தூக்கிக்கினு போ, பொக அடிக்குது."

இனி அந்த அடுப்பின் முன்னால் உட்காரப் போவது யார்? அக்ஷயாதான். இடுப்பில் இருந்த குழந்தையின் நெஞ்சு இப்போதே விசிலடித்தது. போன மாதம்தான் அதன் முகத்தில் மாஸ்க் வைத்து ஆவி பிடிக்க வைத்தார்கள்.

"பந்துலு பின்சுவர்னுதான் மாமா சொன்னாரு" என்றாள் அக்ஷயா.

ஆண்கள் பேசுகிற இடத்தில் மருமகள் குரல் கேட்டதும் அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் விடவில்லை. "சந்துப் பக்கம்னு அவரு சொல்லலியே. மாத்தி செஞ்சு ஏதாச்சும் ஆயிட்டா?"

"ஆமா நைனா, நமக்கு எதுக்கு ரிஸ்க்கு?" என்றான் தீனா.

வேங்கடாசலத்துக்கு இந்தப் பக்கமும் பயம், அந்தப் பக்கமும் பயம். மனைவியின் முகத்தைப் பார்த்தார். "சரி. ஆனா எடுத்த ஒடனே அடைச்சுடணும். ஒரு நிமிஷம் தெறந்து கெடக்கக் கூடாது."

வேணு நாலு போடு போட்டான். செங்கல் ஒன்று வெளியே விழுந்தது. அவ்வளவுதான், மத்தியான வெயில் உள்ளே பாய்ந்தது. ஓட்டை பெரிதாகப் பெரிதாக, எட்டிப் பார்த்த பெண்கள், "ஐயய்யோ, இன்னாடீ இது!" என்று பின்வாங்கினார்கள். குண்டு பல்பு வெளிச்சத்தில் இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாதது வெயிலில் தெரிந்தது. கூரையிலிருந்து ஒட்டடை கரிக்கயிறாகத் தொங்கியது. சுவர்கள் தார் பூசினாற்போல் இருந்தன. புகை இறங்காத இடம், தரையிலிருந்து ஒன்றரை முழ உயரம் மட்டும், சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக்குள் தலையை வைத்துக்கொள்ளத்தான் அத்தை அப்படிக் கூனிக் குறுகி உட்கார்ந்து வடை தட்டியிருக்கிறாள். பார்த்ததும் அக்ஷயா ஓவென்று அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை.

அந்த வழியாகவே அத்தையை எடுத்துக்கொண்டு போனார்கள். குனிந்து, சாய்த்து, மெல்ல மெல்ல. பறைச் சத்தம் தெருக்கோடியில் தேய்ந்ததும், பின்தங்கியிருந்த வேணு கலவையைக் குழைத்து எடுத்து வந்தான்.

அக்ஷயா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இடிந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரும்மா. அவங்க திரும்பறதுக்குள்ள அடைக்கணும்."

"மாமா வரட்டும்ண்ணா."

"அவரு என்னத்தான் கத்துவாரு."

"கத்தட்டும்."

வேணு தலையில் கைவைத்துக்கொண்டு ஒரு செங்கல்லின் மேல் உட்கார்ந்தான். பெண்கள் வந்து சொல்லிப் பார்த்தார்கள், திட்டியும் பார்த்தார்கள். கலவை மேலே ஏடு படியத் தொடங்கியது. அவன் இரண்டு தரம் தண்ணீர் தெளித்துக் கிளறினான். குழந்தை அவள் மடியிலேயே தூங்கிப்போயிற்று.

குளித்த ஈரத்தோடு ஆண்கள் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. வேங்கடாசலம் சுவரைப் பார்த்தார்.

"இன்னா வேணு, அடைக்கலியா இன்னும்?"

"மருமவப் பொண்ணு வுடலிங்க."

"எழுந்திரும்மா, வெளையாடாதே. தெறந்து கெடந்தா அவ திரும்பி வந்துடுவா."

"வரட்டும் மாமா." அக்ஷயா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "அத்த வரட்டும். வந்து இந்த எடத்துல ஒக்காந்து நல்லா மூச்சு வுடட்டும். இருந்தப்பதான் முடியலியே."

தீனா தலையைத் திருப்பிக்கொண்டான். அவன் மொட்டைத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஒனுக்கு ஆகாதும்மா" என்றார் வேங்கடாசலம். அதட்டல் கெஞ்சலாகியிருந்தது. "வூட்டுப் பொம்பளைக்கு ஆகாது. அதுக்காகத்தான் நான் அவள..."

"தெரியும் மாமா. அத்த எல்லாம் சொல்லிக்கினுதான் இருந்தாங்க. உங்க மேல அவங்களுக்குக் கோவமே இல்ல."

அவர் அவளைத் தாண்டிச் சமையலறைக்குள் போனார். சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்துவிடும் வீட்டில் அவர் அங்கே உட்கார்ந்ததே கிடையாது. அடுப்பின் முன்னால் குந்தினார். சுவரைத் தொட்டார், கை கறுத்தது. இன்னும் குனிந்தார், தலை அந்த வெள்ளைக்குள் வரும்வரை. அப்படியே இருந்தார். வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"வேணு" என்றார். "இடுப்பு ஒசரத்துக்குக் கட்டு. போதும்."

"சாஸ்திரம்..." என்று ஆரம்பித்தாள் ஒரு பெண்.

"கட்டினா அடைச்ச மாதிரிதாங்க" என்று வேணு கரண்டியை எடுத்தான். அக்ஷயா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது.

அன்று சாயங்காலம் அத்தையைக் கிடத்தியிருந்த இடத்தில் அக்ஷயா விளக்கேற்றி, பக்கத்தில் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்தாள். செத்தவர்களுக்குத் தாகம் எடுக்கும் என்று வைப்பது. கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்த வேங்கடாசலம் எழுந்து, டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். ஈரம் காயாத பாதிச் சுவரின் மேல் அதை வைத்தார். சற்று நின்று பார்த்துவிட்டு, வெளியிலிருந்து கைக்கு எட்டும்படி அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்தார்.