இரண்டாவது ஆள்

நாற்பத்தெட்டு வயதானால் ஓஹியோக்காரனுக்கு எதன் மேலாவது ஆசை வந்துவிடும். ஒருவனுக்கு மோட்டார் சைக்கிள் மேல் வரும், இன்னொருவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி மேல் வரும். டயர் கடையில் வேலை பார்க்கும் ராய்ஸுக்கு ஒரு பெரிய பாம்பின் மேல் வந்தது. மூன்றில் இதுதான் யார் குடியையும் கெடுக்காத ஆசை என்று சொல்ல வேண்டும்.

பாம்பு அவனுக்குப் புதிதல்ல. அம்மா விட்டுப்போன வீட்டில் அவனோடு இரண்டு சோளப்பாம்புகள் இருந்தன. ஆரஞ்சும் சிவப்புமாய்ப் பார்க்க அழகுதான். ஆனால் கையில் எடுத்தால் எடையே இருக்காது, விரலிடுக்கில் வழிந்து சட்டைக் கைக்குள் ஓடப் பார்க்கும். ராய்ஸ் கேட்டது அதுவல்ல. வேலை முடிந்து வந்து சோபாவில் சாய்ந்தால் மடியில் ஒன்று பாரமாகக் கிடக்க வேண்டும், அது மூச்சு விடுவது தனக்குத் தெரிய வேண்டும். மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போனபின் அந்த வீட்டில் பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. இதையெல்லாம் அவன் யாரிடமும் சொன்னதில்லை. பெரிய பாம்பு வாங்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

எதை வாங்குவது என்று ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டான். பர்மா மலைப்பாம்பு வேண்டாம், அது வளர்ந்தால் வீட்டை அதற்குக் கொடுத்துவிட்டு நாம் வாசலில் படுக்க வேண்டும். பந்து மலைப்பாம்பு வேண்டாம், அது முகத்தை உள்ளே சுருட்டிக்கொண்டு கோபித்துக்கொண்ட மருமகள் மாதிரி நாள் முழுக்கக் கிடக்கும். தென்னமெரிக்கக் காட்டுப் பாம்பான போவாதான் தோது. நல்ல கனம், அவசரப்படாத குணம். முதல் பெரிய பாம்பு வாங்குகிறவனுக்கு அதுதான் சரி என்று பாம்பு வளர்க்கிறவர்கள் ஒரே வாயாகச் சொன்னார்கள்.

வசந்தத்தில் ஊர்ச் சந்தை மைதானத்தில் பாம்புக் கண்காட்சி போட்டார்கள். மற்ற நாட்களில் பன்றிகளுக்குப் பரிசு கொடுக்கும் கொட்டகை அது. மேசை மேசையாக, மூடி போட்ட பிளாஸ்டிக் கிண்ணங்களில் குட்டிப் பாம்புகள். ஒரு கையில் ஹாட் டாக், மறுகையில் பல்லி என்று ஜனங்கள் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தார்கள். ராய்ஸ் நேராக மேவிஸின் மேசைக்குப் போனான். மேவிஸ் அறுபதைத் தாண்டிய குண்டுப் பெண்மணி. அந்த வட்டாரத்தில் போவா என்றால் அவள்தான்.

அவள் மேசையில் ஒரே ஒரு பாம்பு. பெண் போவா, இரண்டு வயது, இப்போதே ஐந்தடி. வாலில் செங்கல் நிறப் பட்டைகள். மேவிஸ் அதைத் தூக்கி அவன் தோளில் போட்டாள். அது அவசரமே இல்லாமல் அவன் முதுகைச் சுற்றி வந்து, தாடைக்கடியில் தலையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பாரம் தோளில் இறங்கியதும் ராய்ஸ் தன்னையறியாமல் அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டான்.

மேவிஸ் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். கல்யாணத்துக்குப் பெண் கொடுக்கிறவர்கள்கூட அவ்வளவு கேட்கமாட்டார்கள்.

"கூண்டு இருக்கா?"

"நானே செஞ்சிட்டேன். ஆறடி நீளம், ரெண்டு பூட்டு." போனில் படம் காட்டினான்.

"சூடு?"

"ஒரு பக்கம் மட்டும். இன்னொரு பக்கம் குளுமையா விட்டிருக்கேன்."

"உள்ள கைய விடறதுக்கு முன்னாடி?"

"கொக்கியால மெல்லத் தட்டணும். இல்லன்னா சாப்பாடு வருதுன்னு நெனச்சுக்கும்."

"பரவால்லையே, நல்லா படிச்சிட்டுதான் வந்திருக்க கண்ணு. சரி, உன் ரெண்டாவது ஆள் யாரு?"

"ரெண்டாவது ஆளா?" என்றான் ராய்ஸ்.

"இது எட்டடி வரைக்கும் போகும்" என்றாள் மேவிஸ். "சாதுதான். ஆனா கையில எலி வாசம் இருந்து, தப்பா நெனச்சு ஒருநாள் உன் கைய சுத்திப் பிடிச்சுட்டா, ஒத்தைக் கையால பிரிக்க முடியாது. வால் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் பிரிச்சு விடணும். பெரிய பாம்புன்னா ரெண்டு பேரு. தனியா இருக்கறவங்களுக்கு நான் குடுக்கறதில்ல."

"எங்க அக்கா இருக்கா" என்றான் ராய்ஸ்.

சொன்னபின்தான் அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது.

"நல்லதாப் போச்சு. அடுத்த சனிக்கிழமை அவளயும் கூட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வா. வாலை அவ கையில குடுத்துப் பாக்கறேன். அது வரைக்கும் இது யாருக்கும் கெடையாது."

அடுத்த மேசையிலேயே ஒருவன் போவா விற்றுக்கொண்டிருந்தான். அவன் ஒரு கேள்வியும் கேட்கமாட்டான். ராய்ஸ் அங்கே கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். கால் நகர்ந்ததே தவிர மனசு நகரவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனான். அக்கா இருக்கிறாள் என்று சொன்னது பொய் இல்லை. இருக்கத்தான் இருந்தாள், பத்து மைல் தள்ளி. ஆனால் இருவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அதற்குக் காரணம், பாம்பு வளர்க்கிறவன் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பு. சோளப்பாம்புகளுக்குத் தீனி, உறைய வைத்த வெள்ளைச் சுண்டெலிகள். அவற்றை ராய்ஸ் சமையலறை ஃப்ரீஸரில் வைத்திருந்தான். அதுவும் எதில்? காலியான பீக்கன் கொட்டை ஐஸ்கிரீம் டப்பாவில். அளவு கச்சிதமாக இருந்தது, காற்றுப் புகாத மூடி வேறு. அம்மா போன பிறகு வந்த முதல் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று, அக்கா நாடீன் விடியற்காலையிலேயே வந்து, அம்மாவின் அடுப்பில் அம்மா செய்கிற மாதிரியே வான்கோழி வாட்டி, ஆப்பிள் பை என்ற பலகாரமும் சுட்டு வைத்தாள். கடைசியில் பையின் மேல் போட ஐஸ்கிரீம் எடுக்கப் போனாள். அம்மாவுக்குப் பிடித்தது பீக்கன்தான். தம்பி மறக்காமல் வாங்கி வைத்திருக்கிறானே என்று அவள் கண் கலங்கிவிட்டதாம். கரண்டியை எடுத்துக்கொண்டு மூடியைத் திறந்தாள்.

அப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டுமா? பை தரையில் விழுந்து சிதறியது. "அம்மா ஃப்ரிட்ஜுல எலிய வச்சிருக்கியேடா, நீயெல்லாம் மனுஷனா? அதான் உன்கூட யாரும் தங்கறதில்ல" என்று அவள் கத்தினாள். "பாம்புங்க உன்னைவிட எவ்வளவோ மேல், வாயைத் திறக்காது" என்று அவன் கத்தினான். வான்கோழி மேசை மேல் ஆறிக்கொண்டிருக்க, அவள் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். முதலில் யார் போன் செய்வது என்பதிலேயே மூன்று வருஷம் ஓடிவிட்டது. இரண்டு பேருக்கும் வீம்பு அம்மாவிடமிருந்து வந்தது, அதை மட்டும் அவள் சரிசமமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

ராய்ஸ் முதலில் டயர் கடையில் கூட வேலை செய்யும் டக்கைக் கேட்டுப் பார்த்தான்.

"உன்னை அது சுத்திப் புடிச்சா நான் என்னடா செய்யணும்? போட்டோ எடுக்கணுமா?" என்றான் டக்.

"வாலைப் புடிச்சுப் பிரிக்கணும்."

"என் மாமியார் வந்தாலே நான் பின்வாசல் வழியா ஓடறவன். ஆளை விடு."

வேறு யாரைக் கேட்பது என்று ராய்ஸ் யோசித்தான். யோசிக்க யோசிக்கத்தான் உறைத்தது, வேறு யாருமே இல்லை.

வியாழக்கிழமை மதியம் முதியோர் இல்லத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனான். நாடீன் அங்கேதான் வேலை செய்தாள். படுக்கையில் கிடக்கிற கிழவர்களைத் தூக்குவதும் குளிப்பாட்டுவதும் அவள் வேலை. பின்பக்கம் கார் நிறுத்துமிடத்தில், பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். தலை நரைத்துப் போயிருந்தது. தம்பியைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினாள்.

"யாரு செத்துட்டா?"

"யாரும் சாகல."

"பின்ன எதுக்கு வந்த?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை மறந்துவிட்டு ராய்ஸ் நேராகப் போட்டு உடைத்தான். "பெரிய பாம்பு ஒண்ணு வாங்கப் போறேன். ரெண்டாவது ஆள் இல்லாம குடுக்க மாட்டாங்களாம்."

நாடீன் சாண்ட்விச்சைக் காகிதத்தில் வைத்தாள். "மூணு வருஷமா செத்தியா இருக்கியான்னு கேக்கல. இப்ப வந்து நிக்கிற. எதுக்கு? பாம்பு புடிக்க ஆள் சேக்கறியா?"

"ஆமா."

"ஊர்ல வேற ஆளே கெடைக்கலையா உனக்கு?"

"இல்ல" என்றான் ராய்ஸ். "வேற யாரும் இல்ல நாடீன்."

சண்டைக்குத் தயாராக இருந்தவளுக்கு அந்தப் பதிலை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இளைத்துவிட்டான், சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை.

"சனிக்கிழமை எனக்கு டியூட்டி" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டுத் திரும்பினான். கார்க் கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "எத்தன மணிக்குன்னு சொல்லித் தொலை. மாத்திக்கறேன்."

சனிக்கிழமை மேவிஸ் வீட்டில் நாடீன் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். மேவிஸ் பெண் போவாவை எடுத்து வந்து, தலைப்பக்கம் ராய்ஸிடம் கொடுத்து, பின்பாதியை நாடீனிடம் நீட்டினாள். நாடீன் கண்ணை மூடிக்கொண்டு கையை வெளியே எடுத்தாள். கனம் கையில் விழுந்ததும் கண்ணைத் திறந்தாள். முழங்கையை மடித்து அடியில் கொடுத்து, தொங்கவிடாமல், அழுத்தாமல் தாங்கிக்கொண்டாள்.

"அட, யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள் மேவிஸ்.

"எங்க இல்லத்துல தெனமும் தூக்கறேன். அங்கயும் ரெண்டு பேரா தூக்கணும்னுதான் சட்டம்." பாம்பின் விலாவை உற்றுப் பார்த்தாள். "இது அவ்வளவு குளிர்ச்சியா இல்லையே. வழவழன்னும் இல்ல."

"வழவழன்னு இருக்கறது மீனு" என்றான் ராய்ஸ்.

"நீ வாய மூடு, உன்ன யாரு கேட்டா." பிறகு மேவிஸிடம், "இது எத்தன வருஷம் இருக்கும்?" என்றாள்.

"நல்லா பாத்துக்கிட்டா முப்பது வருஷம்கூட இருக்கும்."

"எனக்கு அம்பத்திரண்டு ஆவுது" என்றாள் நாடீன். "எண்பது வயசுல நான் கம்பு ஊனிக்கிட்டு வந்து வாலப் புடிக்கணுமா?"

மேவிஸ் சிரித்தாள். உள்ளேயிருந்து இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அதிலும் ஒரு போவா, அதே பிரசவத்தில் பிறந்தது, ஆனால் ஆண். ஒல்லி, நாலடிதான். "ஆணு ரொம்ப வளராது. அஞ்சடி, அஞ்சரை. முதல் தடவைங்கறவங்களுக்கு இதுவே போதும். கவனமா இருந்தா ஒரே ஆள் சமாளிச்சுக்கலாம். இதுன்னா ரெண்டாவது ஆளைப் பத்தி நானும் கேக்க மாட்டேன்."

ராய்ஸ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு வருஷமாகக் கனவு கண்ட பாரம் அவன் கையில் இருந்தது. அதன் மறுபாதி அக்கா கையில் இருந்தது. கையைப் பிடித்து இழுத்து வந்து, முப்பது வருஷத்துக்கு இவள் தலையில் எதைக் கட்டப் பார்க்கிறோம் என்று அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

"அப்ப ஆணையே எடுத்துக்கறேன்" என்றான். அவளைப் பார்க்காமல் சொன்னான். "இதுன்னா நீ வர வேண்டியதில்ல. இன்னிக்கு வந்ததே பெரிசு."

பெண் போவாவின் வால் நாடீனின் மணிக்கட்டை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. அதை அவள் உதறவில்லை.

"இத வாங்கினா எத்தன நாளுக்கு ஒரு தடவ வரணும்?" என்றாள்.

"சாப்பாடு போடறப்ப. ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா" என்றாள் மேவிஸ்.

"அவ்வளவுதானா." நாடீன் மூக்கை உறிஞ்சினாள். "பொண்ணையே எடுடா. அந்த நோஞ்சானை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற. உனக்குச் சின்னதுல நிறைவு வராது, எனக்குத் தெரியாதா."

அப்படித்தான் பெண் போவா அந்த வீட்டுக்கு வந்தது. இரண்டு பேருமாகத் தூக்கிக் கூண்டுக்குள் விட்டார்கள். அது ஒரு சுற்று சுற்றிவிட்டு, சூடான மூலையில் சுருண்டுகொண்டது. கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவியபின் நாடீன் சமையலறையில் நின்றாள். அம்மாவின் மேசை, அம்மாவின் திரைச்சீலை, அதே ஃப்ரிட்ஜ்.

"எலியெல்லாம் இன்னும் இதுலதான் இருக்கா?"

"கொல்லையில ஷெட்டுல தனி ஃப்ரீஸர் பெட்டி இருக்கு. நீ போன மறுநாளே வாங்கிட்டேன்."

நம்பாத முகத்தோடு அவள் ஃப்ரீஸரைத் திறந்தாள். உள்ளே ரொட்டி, பட்டாணி. பின்னால், பனி மூடி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பீக்கன் ஐஸ்கிரீம் டப்பாக்கள் மூன்று. அவள் கை அப்படியே நின்றது.

"ராய்ஸ்."

"சத்தியமா ஐஸ்கிரீம்தான்" என்றான் அவன். "ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங்குக்கும் ஒண்ணு வாங்குவேன். நீ ஒருவேளை வந்தா."

"போன் பண்ணி வான்னு சொல்றதுக்கென்ன, கழுதை."

"நீ பண்ணியா?"

நாடீன் மேலே இருந்த டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். கம்பெனி ஒட்டிய நாடா பிரிக்கப்படாமல் இருந்தது. ஒரு கரண்டி எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"நீ மொதல்ல தின்னு. நான் பாக்கறேன்."

ராய்ஸ் மூடியைத் திறந்து, பனியைச் சுரண்டி, ஒரு வாய் தின்றான். பழசானதில் மணல் மாதிரி நறநறத்தது. அவன் விழுங்கும்வரை நாடீன் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.