பாராசூட் சின்னத்தின் பின்பக்கம்

முப்பத்தாறு மணி நேரமாக அந்தத் துணிச் சின்னம் அவருக்குப் பிடி கொடுக்கவில்லை. பச்சைத் துணியில் வெள்ளை நூலால் விரிந்த பாராசூட், இரண்டு பக்கமும் சிறகு. அவருக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. மிச்ச நேரமெல்லாம் ராணுவப் பாராசூட் சின்னங்களை, விமானத்திலிருந்து குதித்தவர்களுக்கு மட்டும் தருகிற சின்னங்களைச் சேர்ப்பதில் போகும். ஆல்பத்தில் நானூற்றுக்கு மேல் இருக்கின்றன. எந்தப் படைப்பிரிவு என்று தெரியாத ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் இதற்குச் சிறகுக்கு ஏழு இறகுகள். எந்தப் புத்தகத்திலும் ஏழு இல்லை. சேகரிப்பாளர் குழுவில் படம் போட்டார். ஆளுக்கொரு நாட்டைச் சொல்லி அவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

சின்னம் மச்சானுடையது. மனைவியின் அண்ணன். இளமையில் ஒன்றரை வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, பிறகு முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ராணுவப் பேச்சை எடுத்தாலே, “டீ ஆறுது, குடிங்க” என்பார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். திங்கட்கிழமை ஓய்வு பெறுகிறார். அவருக்குத் தெரியாமல் அவர் பெட்டியிலிருந்து இதை எடுத்து வந்தவள் மச்சானின் மகள்.

“பிரேம் போட்டு டிப்போல எல்லார் முன்னாடியும் கொடுக்கப்போறேன் மாமா. கீழ தகட்டுல படைப்பிரிவு பேர் வெட்டணும்.”

“உங்கப்பாவையே கேட்டா என்ன?”

“கேட்டா அப்புறம் என்ன சர்ப்ரைஸ்?”

அவள் போனதும் மனைவி எட்டிப் பார்த்தாள். “பூதக்கண்ணாடியைக் கீழ வையுங்க. கண்ணு போயிடும்.”

“போனா என்ன, கடையிலேயே கண்ணாடி இருக்கு.”

வழக்கமாக இதற்கு ஒரு பதில் வைத்திருப்பாள். அன்று பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

சின்னத்தின் பின்பக்கம் கறுப்புத் துணியால் மூடித் தைக்கப்பட்டிருந்தது. சேகரிப்பவர்கள் பழைய தையலில் கை வைக்கமாட்டார்கள். பிரித்தால் மதிப்புப் போச்சு. மறுநாளுக்கு மறுநாள் காலை, வேறு வழியில்லாமல், ஒரு மூலையில் நாலு தையலைப் பிரித்து உள்ளே டார்ச் அடித்தார்.

இயந்திரத் தையல் இல்லை. கைத்தையல். அதிலும் இழைகள் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. இடது கையால் தைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் சட்டைக் கிழிசல்களில் மனைவி போட்ட தையல்கள் எல்லாம் அப்படித்தான் சாய்ந்திருக்கின்றன.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏழு இறகு எதுக்கு வெச்ச?”

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. “இடம் இருந்துச்சு, வெச்சேன். பதினாறு வயசுல எண்ணிப் பாத்தா தைப்பாங்க?” குரல் இறங்கியது. “அண்ணன்தான் தைக்கச் சொன்னாரு. ஏன்னு மட்டும் கேக்காதீங்க. சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“எனக்குக்கூடவா?”

“நீங்க வர்றதுக்கு முன்னாடி கொடுத்த வாக்கு.”

ஏதோ ஒரு பெயரை எழுதிக் கொடுப்பது அவருக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் விவரம் தெரிந்த ஒருவர் அந்தத் தகட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டால், மச்சான் தன் மகள் முன்னால் நின்ற இடத்திலேயே கூனிக்குறுகிப்போவார். இதை நினைத்த பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிரித்த நாலு தையலையும் மனைவி போட்டுக் கொடுத்தாள். இருவரும் மச்சான் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

மச்சான் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். சின்னத்தை மச்சான் முன்னால் வைத்துவிட்டு, மகளின் ஏற்பாட்டை இவர் சொன்னார்.

“நீங்க எந்தப் பேரைச் சொன்னாலும் எழுதிக் கொடுத்துடறேன் மச்சான். ஒண்ணும் சொல்ல வேண்டாம்னாலும் சரி. எனக்கு அடையாளம் தெரியலன்னு சொல்லிடறேன்.”

மச்சான் தங்கையைப் பார்த்தார்.

“நான் வாயே திறக்கலண்ணா” என்றாள் அவள்.

அதற்குள் மகள் வெறும் பிரேமோடு உள்ளே வந்துவிட்டாள். “மாமா! போட்டு உடைச்சிட்டீங்களா? உங்களைப் போய் நம்பினேன் பாருங்க!”

“திட்டு. வாங்கிக்கறேன்.”

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“சரி, தெரிஞ்சுபோச்சு. பேராவது சொல்லுங்கப்பா” என்றாள்.

“பேர் இல்லம்மா. இது உங்க அத்தை தைச்சது. எங்கம்மாகிட்ட காட்டணும்னு நான்தான் தைக்கச் சொன்னேன்.”

பிரேம் மேல் இருந்த அவள் கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல அப்பாவின் முழங்காலுக்கு வந்தது. மச்சான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“விமானத்துக் கதவு வரைக்கும் மூணு தடவை போனேன். நான் குதிக்கவே இல்லம்மா.”