நெல்சனின் மிச்சம்

நெல்சனின் வலது காலில் சாக்ஸ் ஏற மறுத்தது. ரூபி குதிகாலைத் தூக்கிப் பிடித்து, விரல் பக்கமிருந்து மெல்ல உருட்டினாள். உயிரோடு இருந்தபோது சாக்ஸே இல்லாமல் ஷூ மாட்டிக்கொண்டு ஓடியவன், செத்த பிறகும் அதே பிடிவாதம் பிடித்தான். ஒருவழியாக ஏறியது. அவள் நிமிர்ந்தபோது, அம்மா ஸ்டெல்லாமேரி சவப்பெட்டிக்குள் கையை விட்டு, மகனின் தலைமாட்டில் ஓர் எவர்சில்வர் சம்புடத்துக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"இது இன்னாத்துக்கும்மா?"

"அந்த ஆராய்ச்சிப் பொண்ணு கொண்டாந்ததும் இதுல போட்டு வைக்கத்தான்."

சம்புடத்துக்குள் வெள்ளைத் துணி மடித்துப் போட்டுத் தயாராக இருந்தது.

நெல்சன் நேற்று விடியற்காலையில் தூக்கத்திலேயே வலிப்பு வந்து போய்விட்டான். அக்கா தம்பி இரண்டு பேருக்கும் ஒரே வலிப்பு, அப்பா வழியில் வந்தது. மாத்திரை ரூபிக்கு ஓரளவு கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை. ஊரையொட்டிய மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவன், மெஷின் பக்கத்தில் ஒருநாள் விழுந்தான். அதோடு வேலை போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் கோரிமேட்டுப் பக்கத்து ஆய்வுக்கூடத்திலிருந்து வலிப்பு ஆராய்ச்சிக்காகச் சுடர்விழி வந்தாள். அவன் முன்கையிலிருந்து கிள்ளு அளவு தோல் எடுத்துப் போனாள். அந்தத் தோலின் செல்களைப் பக்குவப்படுத்தி, அவற்றிலிருந்து மூளைத் திசுவை வளர்த்தார்கள். துவரம்பருப்பு அளவில் வெள்ளை உருண்டைகள். நெல்சன் போய்ப் பார்த்துவிட்டு வந்து தெருவெல்லாம் சொன்னான்: "எனக்குத்தான் வேல போச்சு, என் மூளைக்கு வேல கெடச்சிருக்கு. பாவம், ஞாயித்துக்கிழம லீவுகூட இல்ல."

புதிய மருந்து ஒன்று அந்த உருண்டைகளின் துடிப்பை அடக்குகிறது என்று போன மாதம் சுடர்விழி சொல்லியிருந்தாள். உறுதிப்பட இன்னும் பல மாதம் ஆகும். அன்றிலிருந்து ரூபி அந்த மருந்தைத்தான் நினைத்துக்கொண்டு படுக்கப் போகிறாள். ஆனால் திசு கொடுத்தவர் இறந்துவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு வீட்டாரைக் கேட்க வேண்டும் என்பது அந்த ஆய்வுக்கு நெறிமுறைக் குழு போட்ட விதி. அம்மாவும் ரூபியும் சேர்ந்து சரி என்றால்தான் தொடரலாம். ஒருவர் வேண்டாமென்றாலும் அத்தோடு முடிந்தது.

ஸ்டெல்லாமேரி வேண்டாமென்பாள் என்பதில் ரூபிக்குச் சந்தேகமே இல்லை. சர்க்கரை வியாதியில் அப்பாவின் காலை எடுத்தபோது, அந்தக் காலைத் துணியில் சுற்றி உப்பளம் கல்லறைக்குக் கொண்டுபோய்ப் புதைத்தவள் அவள். பின்னால் அப்பாவையும் அதே குழியில் சேர்த்தாள். உயிர்த்தெழும் நாளில் மனுஷன் நொண்டிக்கொண்டு வரக்கூடாது என்பது அவள் ஏற்பாடு.

"உங்கப்பன் காலையே வுடல நானு," என்றாள் இப்போது. "இவன் மூளைய வுட்டுட்டு மண்ணு போடுவனா?"

தாய்மாமன் சகாயநாதன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "அக்கா, பூசைக்கு நேரமாவுது. மூடிடலாமா?"

"மூடாத. அந்தப் பொண்ணு வரட்டும்."

பெட்டிக்குள் நெல்சனின் விரல்களில் செபமாலை சுற்றியிருந்தது. செபமாலைக்கு அடியில், உள்ளங்கையில், ஓர் இரும்புச் சாவி. அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டிக்கு இரண்டு சாவி இருந்தன. பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. வலிப்பு வந்தால் ஸ்டெல்லாமேரி ஒருக்களித்துப் படுக்கவைத்து, சாவியைக் கையில் திணித்து, அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். சாவியால் ஒன்றும் ஆகாது, ஒருக்களித்துப் படுக்கவைத்ததுதான் சரி என்று சுடர்விழி பலமுறை சொல்லியிருக்கிறாள். ஸ்டெல்லாமேரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு இரண்டையுமே செய்தாள்.

சுடர்விழி மாலையோடு வந்தாள். பெட்டியில் வைத்துவிட்டுக் கும்பிட்டாள். ஸ்டெல்லாமேரி அவளுடைய கைகளையே பார்த்தாள்.

"அது எங்கம்மா? எடுத்தாரலியா?"

சுடர்விழி ரூபியைப் பார்த்தாள். ரூபி தலையைக் குனிந்துகொண்டாள். செபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"அம்மா, அவரு தலைலேந்து நாங்க எதையும் எடுக்கல. கையில எடுத்த தோலுதான். அதுலேந்து வளத்தது. வெளிய கொண்டார அனுமதி இல்லம்மா. வேணாம்னு நீங்க சொன்னா நிறுத்திடுவோம். ஆனா சூடு பண்ணி, மருந்து ஊத்தி அழிச்சிடணும். உங்க கையில குடுக்க முடியாது."

"அழிச்சி?"

"ஆய்வுக்கூடத்துக் கழிவோட போயிடும்."

"குப்பையிலயா?"

சுடர்விழி ஆமென்று தலையசைத்தாள்.

"வேணாம்னு சொல்லலன்னா?"

"உயிரோட இருக்கும். ஆனா அதுக்குக் கண்ணு, காது எதுவும் கெடையாதும்மா. அது நெல்சன் இல்ல. அத விக்கக் கூடாது, எந்த மிருகத்துக்குள்ளயும் வைக்கக் கூடாது, எல்ல தாண்டி வளக்கக் கூடாது. எல்லாத்தையும் கேக்கறதுக்கு ஒரு குழு இருக்குது."

"அதுக்கு வலிக்குமா?"

"வலிக்காதுன்னுதான் நெனைக்கிறோம். சத்தியம் பண்ணிச் சொல்ல இன்னிக்கு யாராலயும் முடியாதும்மா. அதனாலதான் இவ்ளோ கட்டுப்பாடு."

ஸ்டெல்லாமேரி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கயும் அவனுக்கு வலிப்பு வருதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று ரூபி மனதுக்குள் கெஞ்சினாள். ஆய்வுக்கூடத்துத் திரையில் அந்த உருண்டைகளின் மின்துடிப்புக் கோடுகள் ஒன்றாகச் சேர்ந்து துள்ளியதை அவளே பார்த்திருக்கிறாள். தன் தலைக்குள் நடப்பதை வெளியே நின்று பார்ப்பது அதுவே முதல்தடவை.

"வருதும்மா," என்றாள் சுடர்விழி. "அந்த மாதிரி ஒண்ணு. அது வந்தாதான் மருந்து கேக்குதான்னு பாக்க முடியும்."

சகாயநாதன் மறுபடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எல்லாம் முடிந்தது என்று ரூபிக்குத் தோன்றியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தம்பிக்காகவா தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ம்மா," என்றாள். "எனக்கும் இருக்குதும்மா."

ஸ்டெல்லாமேரி மகளைப் பார்த்தாள். நேற்றிலிருந்து அவள் ரூபியை நேராகப் பார்த்தது இப்போதுதான். பிறகு சுடர்விழி பக்கம் திரும்பினாள்.

"அது வரும்போது பக்கத்துல யாரு இருப்பீங்க?"

"பகல்ல நான் இருப்பேன். ராத்திரில மெஷின் பாத்துக்கும்."

"ராத்திரிலதாம்மா இவனுக்கு வந்துது. அடுத்த ரூம்புல நான் தூங்கிட்டிருந்தேன்."

அவள் பெட்டிக்குள் குனிந்தாள். மகனின் விரல்கள் விறைத்திருந்தன. செபமாலை நகராதபடி, ஒவ்வொரு விரலாகத் தளர்த்திச் சாவியை எடுத்தாள். தலைமாட்டிலிருந்த சம்புடத்தையும் எடுத்து, வெள்ளைத் துணியில் சாவியை வைத்து மூடினாள்.

"இனிமே இவனுக்கு இது வேணாம். நீ கொண்டும்போய் அதுக்குப் பக்கத்துல வையி. நான் ஒண்ணும் வேணாம்னு சொல்லல. பண்ணுங்க."

வெளிச் சாமான் எதுவும் அந்த அறைக்குள் போகக்கூடாது என்பது ரூபிக்குத் தெரியும். காலணியைக்கூட வெளியே கழற்றச் சொல்வார்கள். சுடர்விழி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"ரூம்புக்குள்ள வுட மாட்டாங்கம்மா. வெளிய, கதவு ஓரத்துல என் மேசை. அதுல வைக்கிறேன்."

"கிட்டக்கத்தான?"

"கிட்டக்கத்தாம்மா."

"மூடுடா," என்றாள் ஸ்டெல்லாமேரி, வாசலில் நின்ற சகாயநாதனிடம்.

கோயிலில் பூசை முடிந்து உப்பளத்துக்கு வேன் கிளம்பியது. பெட்டிக்குப் பக்கத்து இருக்கையில் அம்மாவும் மகளும். ரயில்வே கேட் மூடியிருந்ததால் வண்டி நின்றது. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"உன்னுது எங்க?" என்று கேட்டாள் ஸ்டெல்லாமேரி.

ரூபி கைப்பையைத் திறந்து காட்டினாள். அம்மா உள்ளே கையை விட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜிப்பை அவளே இழுத்து மூடினாள்.